பால் பல் சொத்தையும் பற்கூழ் அழற்சியும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குழந்தையின் கடைவாய்ப் பல்லில் சொத்தை நரம்பு வரை போய்விட்டது என்று சொன்னதும், பெற்றோர் முன்னால் நாலைந்து சிகிச்சைப் பெயர்கள் ஒரே நேரத்தில் வந்து விழுகின்றன. எதை ஏன் செய்கிறார்கள், அந்தப் பல் எத்தனை காலம் நிற்கும் என்பதெல்லாம் ஒரே விஷயத்தைப் பொறுத்தவை: பல்லுக்குள் அழற்சி எந்த ஆழம் வரை இறங்கியிருக்கிறது? கீழே உள்ள பதில்களை இந்தக் கேள்வியை மனதில் வைத்துப் படியுங்கள்.

விழுந்து முளைக்கப்போகிற பல்தானே, இதற்கு எதற்கு வைத்தியம்?

முன்பற்களை மனதில் வைத்துத்தான் பெரும்பாலும் இப்படிக் கேட்கிறார்கள். அவை 6, 7 வயதில் விழத் தொடங்கிவிடும். கடைவாய்ப் பால் பற்களின் கணக்கு வேறு. முதலாவது கடைவாய்ப் பல் 9 முதல் 11 வயது வரையிலும், இரண்டாவது 10 முதல் 12 வயது வரையிலும் வாயில் இருக்க வேண்டியவை. நான்கு வயதில் சொத்தையான இரண்டாவது கடைவாய்ப் பல் இன்னும் ஆறு வருடத்துக்கு மேல் மென்றாக வேண்டும்.

அந்தப் பல்லின் வேர்களுக்கு நடுவில்தான் நிரந்தரப் பல்லின் முளை வளர்கிறது. மேலே சீழ் கட்டிக்கொண்டே இருந்தால் கீழே உருவாகும் எனாமல் (பல்லின் கெட்டியான வெளி ஓடு) பாதிக்கப்பட்டு, நிரந்தரப் பல் வெள்ளை அல்லது பழுப்புத் திட்டோடும் குழியோடும் முளைக்கலாம். பால் பல்லைக் காலத்துக்கு முன்பே இழந்தால் பின்னால் உள்ள பல் முன்னால் சாய்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். இவை போக, வலியால் தூக்கமும் சாப்பாடும் கெடுகிற குழந்தையின் எடையும் ஏறாது. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் சுமார் 51.4 கோடி குழந்தைகளுக்குப் பால் பல் சொத்தை இருக்கிறது.

பற்கூழ் என்பது எது? நரம்பு என்று சொல்வது அதைத்தானா?

ஆமாம். பல்லின் நடுவில் உள்ள மென்மையான திசுவே பற்கூழ். அதில் நரம்பு மட்டுமல்ல, இரத்தக் குழாய்களும், எனாமலுக்கு அடியில் உள்ள டென்டின் என்ற அடுக்கை உருவாக்கும் செல்களும் இருக்கின்றன. மேலே அகலமான அறையாகவும், கீழே ஒவ்வொரு வேருக்குள்ளும் மெல்லிய கால்வாயாகவும் இறங்குகிறது. அறையில் இருப்பதை மேற்கூழ் என்றும் வேரில் இருப்பதை வேர்க்கூழ் என்றும் வைத்துக்கொள்வோம். பின்னால் வரும் சிகிச்சைகள் இந்தப் பிரிவை வைத்தே அமைந்தவை.

பெரியவர்களுக்குச் சொத்தை வருடக்கணக்கில் எடுத்துக்கொள்கிறதே, குழந்தைக்கு ஏன் சில மாதங்களில் உள்ளே போகிறது?

பால் பல்லின் எனாமல் ஏறக்குறைய 1 மி.மீ. தடிமன்தான். அதற்கடுத்த டென்டினும் மெல்லியது. ஆனால் கூழறை, பல்லின் அளவுக்கு மிகப் பெரியது. அறையின் மூலைகள் கொம்பு போல மேல்நோக்கி நீண்டிருக்கும்; கடைவாய்ப் பல்லில் முன்பக்கக் கன்னத்தோரக் கொம்பு மேற்பரப்புக்கு மிக நெருக்கம். இதோடு, இரண்டு கடைவாய்ப் பால் பற்கள் ஒன்றை ஒன்று புள்ளியில் தொடாமல் அகலமாக ஒட்டி நிற்கின்றன. பிரஷ் நார் அந்த இடுக்கில் நுழையாது. சொத்தை அங்கேதான் தொடங்குகிறது, கொம்பும் அங்கேதான் அருகில் இருக்கிறது.

வெளியே கடுகளவு ஓட்டைதான் தெரிகிறது. அதற்குள் நரம்பு வரை போயிருக்குமா?

போயிருக்கலாம். ஓட்டையின் அளவைப் பார்க்காதீர்கள், ஓட்டை இருக்கும் இடத்தைப் பாருங்கள். பல்லின் மேற்பரப்பில் உள்ள பள்ளத்தில் மட்டும் சொத்தை என்றால் கொஞ்சம் அவகாசம் உண்டு. இரண்டு பற்கள் சேரும் ஓரத்து மேடு உடைந்து உள்வாங்கியிருந்தால் நிலைமை வேறு. பிடுங்கப்பட்ட பால் பற்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்ததில், பக்கச் சொத்தை டென்டின் தடிமனில் பாதியைத் தாண்டியிருந்தாலே கூழில் அழற்சி பரவலாக இருந்தது. அதே ஆழத்து மேற்புறச் சொத்தையில் அவ்வளவு இல்லை.

வீட்டிலேயே பார்க்கலாம். குழந்தையை மடியில் சாய்த்து, டார்ச் வெளிச்சத்தில் கடைசி இரண்டு பற்களும் சேரும் இடத்தைக் கவனியுங்கள். ஓட்டை தெரியாமல், ஓரத்து மேட்டின் கீழே சாம்பல் நிற நிழல் மட்டும் தெரிந்தாலும் அது உள்ளுக்குள் குடைந்த சொத்தைதான். சாப்பிட்டதெல்லாம் அந்த இடுக்கில் சிக்குகிறது என்று குழந்தை விரலை விட்டுக் காட்டுவதும் இதே அர்த்தம்.

மீளும் அழற்சி, மீளாத அழற்சி என்று பிரிக்கிறார்கள். எப்படித் தெரிந்துகொள்வது?

வலி வரும் விதத்தை வைத்து. இனிப்போ குளிரோ பட்டதும் சுரீரென்று வலித்து, அது போனதும் வலியும் போனால் அழற்சி பெரும்பாலும் மீளக்கூடியது. காரணத்தை நீக்கி மூடினால் கூழ் தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும். எதுவும் படாமலேயே வலிப்பது, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, தொட்டது போன பிறகும் நீடிக்கும் வலி ஆகியவை அழற்சி வேர்க்கூழுக்குள் இறங்கியதைக் காட்டும் அறிகுறிகள்.

ஒரு குழப்பத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சாப்பாட்டுத் துணுக்கு இடுக்கில் இறுகி ஈறை அழுத்தினாலும் குழந்தை அழும். சாப்பிட்ட உடனே தொடங்கி, கொப்பளித்து இடுக்கைச் சுத்தம் செய்ததும் அடங்கினால் அது ஈறு வலியாக இருக்கலாம். அதனால் “இரவில் அழுதான்” என்று மட்டும் டாக்டரிடம் சொல்லாமல், தூங்கி எத்தனை மணி நேரம் கழித்து, எவ்வளவு நேரம், எதனால் அடங்கியது என்பதையும் சொல்லுங்கள். பல்லைக் காப்பாற்றும் முடிவில் பாதி இந்தத் தகவலில் இருக்கிறது.

போன மாதம் துடித்தாள், இப்போது வலியே இல்லை. தானாகச் சரியாகிவிட்டதா?

இல்லை. பெரும்பாலும் கூழ் செத்துவிட்டது, அதனால் வலி நின்றது. சொத்தை அப்படியே இருக்கும்போது நின்ற வலியைக் குணம் என்று எடுத்துக்கொள்ளவே கூடாது.

ஈறில் சின்னக் கொப்புளம் வந்து வந்து உடைகிறது. அது என்ன?

சீழ் வெளியேறும் வாய். பல்லின் கழுத்துக்குச் சற்றுக் கீழே, கன்னத்துப் பக்கம், அரிசிமணி அளவில் மஞ்சளாகவோ சிவப்பாகவோ இருக்கும். அழுத்தினால் ஒரு சொட்டு வரும். பெரியவர்களுக்கு இது வேர் நுனியின் நேர் எதிரில் வரும். பால் பல்லில் ஈறின் விளிம்பை ஒட்டியே வருவதற்குக் காரணம் உண்டு: கூழறையின் தரையில் நுண்ணிய துளைகள் இருப்பதால், வேர்கள் கவையாகப் பிரியும் இடத்தில்தான் முதலில் எலும்பு கரைகிறது. வடிகால் திறந்திருக்கும்வரை வலிக்காது. அடைபட்ட அன்று முகம் வீங்கலாம்.

டாக்டர் எதை வைத்து முடிவு செய்கிறார்?

ஐஸ் வைத்துப் பார்ப்பது, மின்சாரச் சோதனை போன்றவை பால் பல்லில் நம்பத்தக்கவை அல்ல. சின்னக் குழந்தை கேட்டதற்கெல்லாம் தலையாட்டும். ஆகவே வலியின் கதை, ஈறைத் தடவிப் பார்ப்பது, பல் ஆடுகிறதா என்பது, எக்ஸ்ரே ஆகிய நான்கும் சேர்ந்துதான் முடிவு. எக்ஸ்ரேயில் முதலில் வேர்க்கவையைப் பார்க்க வேண்டும். அங்கே எலும்பு கருத்துத் தெரிந்தால் கூழ் உயிரோடு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். மேல்தாடையில் நிரந்தரப் பல்லின் முளை கவையின் மேல் விழுந்து மறைப்பதால் ஒரு படத்தில் தெரியாதது சற்றுக் கோணம் மாற்றி எடுத்த படத்தில் தெரியும்.

பத்து வயதுக் குழந்தையின் பல் ஆடினால் அது விழும் காலமாக இருக்கலாம். ஐந்து வயதில், மறுபக்கத்து அதே பல் கெட்டியாக நிற்க, இது மட்டும் ஆடினால் நோய்.

இவ்வளவுக்குப் பிறகும் கடைசிச் சாட்சி, பல்லைத் திறந்த பிறகு தெரியும் இரத்தம். அதனால்தான் நல்ல டாக்டர் சிகிச்சை தொடங்கும் முன்பே “உள்ளே பார்த்து மாற்ற வேண்டி வரலாம்” என்று சொல்லி வைப்பார். அது ஏமாற்று அல்ல.

ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் வலி போகுமா?

கூழ் அழற்சிக்கு ஆன்டிபயாட்டிக் பயன்படாது. செத்த கூழுக்குள் இரத்த ஓட்டமே இல்லாதபோது மருந்து எப்படிப் போய்ச் சேரும்? காய்ச்சல், முகவீக்கம், பரவும் தொற்று இருந்தால் மட்டும் அதற்கு இடமுண்டு. அப்போதும் பல்லைத் திறப்பதோ எடுப்பதோதான் மூல வைத்தியம்.

வலிக்குப் பாராசிட்டமால்: எடையில் கிலோவுக்கு 15 மி.கி., ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் கூடாது. 16 கிலோ குழந்தைக்கு ஒரு வேளை 240 மி.கி. இங்கேதான் தவறு நடக்கிறது. சிரப் 5 மி.லி.க்கு 120 மி.கி. என்றும் 250 மி.கி. என்றும் இரண்டு வலிமையில் கிடைக்கிறது. முதலாவதில் 10 மி.லி., இரண்டாவதில் 5 மி.லி.க்குச் சற்றுக் குறைவு. பாட்டிலை மாற்றிவிட்டு அளவை மாற்றாமல் விட்டால் இரட்டிப்பு மருந்து போய்விடும். ஐபுப்ரோஃபென் பல் வலிக்கு நன்றாகக் கேட்கும்; ஆனால் நீரிழப்பு, சிறுநீரகக் கோளாறு, டெங்கு சந்தேகம், அம்மை இருந்தால் கூடாது. ஆஸ்பிரின் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். மாத்திரையையோ கிராம்பு எண்ணெயையோ ஈறில் நேரடியாக வைக்காதீர்கள், புண்ணாகும்.

வீக்கம் கண்ணுக்குக் கீழே ஏறினாலோ, தாடைக்கு அடியிலோ நாக்குக்கு அடியிலோ கெட்டியானாலோ, வாய் திறக்க, விழுங்க, மூச்சுவிடச் சிரமம் என்றாலோ, காய்ச்சலோடு குழந்தை துவண்டாலோ பல் கிளினிக்குக்குக் காத்திராமல் நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

சொத்தையை முழுதாகச் சுரண்டாமல் மேலே மூடிவிடுகிறார்கள். சரியான வைத்தியமா அது?

சரியானது மட்டுமல்ல, மீளும் அழற்சி உள்ள பல்லுக்கு இருப்பதிலேயே நல்ல வைத்தியம் அதுதான். சொத்தைக் கிருமிகளுக்கு வாயிலிருந்து சர்க்கரை வந்துகொண்டே இருக்க வேண்டும். குழியின் சுற்றுச்சுவர்களைக் கெட்டியான டென்டின் வரும்வரை சுத்தமாக்கி, கூழுக்கு நேர் மேலே உள்ள மென்மையான அடுக்கை மட்டும் விட்டு, காற்றுப் புகாதபடி மூடினால் உள்ளே மாட்டிய கிருமிகள் பட்டினியில் ஓய்ந்துபோகும். கூழ் தன் பக்கத்திலிருந்து புது டென்டினைப் போட்டுக்கொள்ளும். அந்தக் கடைசி அடுக்கையும் எடுக்கப் போய்க் கூழைத் திறந்துவிட்டால், தேவையில்லாத ஒரு காயத்தை நாமே உண்டாக்குகிறோம்.

இதில் தவறு நடப்பது அடியில் அல்ல, ஓரத்தில். சுற்றுச்சுவரில் சொத்தை மிச்சமிருந்தால் ஒட்டுப் பொருள் பிடிக்காது, கசிவு உண்டாகும், கிருமிக்கு மீண்டும் சாப்பாடு போகும். ஆகவே அடியில் எவ்வளவு தாராளமோ, ஓரத்தில் அவ்வளவு கறார். மறுபடி திறந்து பார்க்கும் இரண்டாம் கட்டம் பால் பல்லுக்குத் தேவையில்லை.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த நோர்னா ஹால் என்ற பல் மருத்துவரின் பெயரால் வழங்கும் முறை இதையே இன்னும் தூரம் கொண்டுபோகிறது. ஊசி இல்லை, சுரண்டலும் இல்லை. பல்லுக்குப் பொருந்தும் ஸ்டீல் கேப்பில் கிளாஸ் அயனோமர் சிமென்ட் நிரப்பி அழுத்திப் பதித்துவிடுவார்கள். கடி முதலில் உயர்ந்து நிற்கும், சில வாரங்களில் தானே சமனாகும். தானாக வரும் வலியோ சீழோ உள்ள பல்லுக்கு இது பொருந்தாது. எக்ஸ்ரேயில் சொத்தைக்கும் கூழுக்கும் நடுவே டென்டின் தெளிவாகத் தெரிய வேண்டும்.

பல்பாட்டமி என்றால் என்ன செய்கிறார்கள்?

அழற்சி மேற்கூழோடு நின்றிருக்கிறது, வேர்க்கூழ் நலமாக இருக்கிறது என்ற கணிப்பில், மேற்கூழை மட்டும் வெட்டியெடுத்து வேர்க்கூழை உயிரோடு காப்பதுதான் பல்பாட்டமி.

மரத்துப்போகும் ஊசி போட்டு, பல்லைச் சுற்றி ரப்பர் திரை மாட்டுகிறார்கள். உமிழ்நீர் உள்ளே போகாமலும், கருவியோ மருந்தோ தொண்டைக்குப் போகாமலும் காப்பது இந்தத் திரை. கூழைத் திறக்கும் முன் சொத்தை முழுவதும் வெளியேற வேண்டும், இல்லையென்றால் அந்தக் கிருமி வேர்க்கூழின் மேலேயே விழும். பிறகு கூழறையின் கூரையை முழுதாக நீக்கி, மேற்கூழைக் கூரான கரண்டிக் கருவியாலோ மெதுவாகச் சுழலும் உருண்டை பர்ராலோ (பல்லைக் குடையும் முனை) எடுக்கிறார்கள். பால் பல்லின் அறைத் தரை மெல்லியது. வேகமான பர்ரை அங்கே அழுத்தினால் ஓட்டை விழும். விழுந்தால் பல் போனது போலத்தான்.

அடுத்த ஐந்து நிமிடம் முக்கியம். நனைத்துப் பிழிந்த பஞ்சு உருண்டையை அறைக்குள் வைத்து இலேசாக அழுத்துகிறார்கள். உலர்ந்த பஞ்சு கூடாது. அதன் நார் உறைந்த இரத்தத்தில் ஒட்டி, எடுக்கும்போது பிய்த்துக்கொண்டு வரும், மறுபடி இரத்தம் வரும். பஞ்சை எடுக்கும்போது கால்வாய் வாய்கள் ஒவ்வொன்றிலும் குண்டூசித் தலையளவு செம்புள்ளி அசையாமல் நின்றால் வேர்க்கூழ் நலம். கருஞ்சிவப்பாக ஊறி மேலேறிக்கொண்டே இருந்தால் அழற்சி கீழே இறங்கிவிட்டது. பல்பாட்டமியை அங்கேயே நிறுத்தி வேர் சிகிச்சைக்கோ பல் எடுப்பதற்கோ மாற வேண்டும். திறந்ததும் இரத்தமே இல்லை, நாற்றம்தான் வருகிறது என்றால் கூழ் ஏற்கெனவே செத்தது.

ஆனால் இரத்தம் நிற்கவில்லை என்றதும் பல்லைக் கைவிடுவதும் தவறு. கூரையின் மூலையில் உதடு போல் நீட்டிய டென்டினுக்கு அடியில் மேற்கூழ்த் துணுக்கு ஒன்று ஒளிந்திருந்தால் அதுவே கசிந்துகொண்டிருக்கும். மூலைகளைத் துழாவி அதை எடுத்துவிட்டு, இன்னொரு முறை பஞ்சு வைத்துப் பார்த்த பிறகே தீர்ப்பு.

பல்பாட்டமியில் வேர்க்கூழின் மேலே வைக்கும் மருந்துகளில் எது நல்லது?

இன்றைக்கு முதலிடம் எம்டிஏ, பயோடென்டின் போன்ற கால்சியம் சிலிகேட் சிமென்ட்களுக்கு. கூழை எரிக்காமல், அதன் மேலேயே புது டென்டின் பாலம் உருவாக இடம் கொடுப்பவை இவை. எம்டிஏ தூளை மூன்று பங்கு, நீரை ஒரு பங்கு கலந்து 2 முதல் 3 மி.மீ. கனத்தில் வைப்பார்கள். அது இறுக மணிக்கணக்காகும், ஈரம் வேண்டும், பல்லைச் சாம்பல் நிறமாக்கலாம். கேப் போடும் கடைவாய்ப் பல்லில் நிறம் பிரச்சினையில்லை. பயோடென்டின் சுமார் 12 நிமிடத்தில் இறுகும், அமர்ந்த இடத்திலேயே வேலையை முடித்துவிடலாம்.

ஃபெரிக் சல்ஃபேட் 15.5 சதவீதக் கரைசலை 15 விநாடி தடவிக் கழுவுவது விலை குறைந்த, வேகமான வழி. அதில் ஒரு பொறி இருக்கிறது: எந்த இரத்தத்தையும் அது உறைய வைத்துவிடும். வெறும் ஈரப் பஞ்சால் இரத்தம் நின்ற பிறகே அதைத் தொட வேண்டும். இரத்தத்தை நிறுத்தவே அதைப் பயன்படுத்தினால், நோயுற்ற வேர்க்கூழின் சாட்சியை நாமே அழித்துவிடுகிறோம்.

கால்சியம் ஹைட்ராக்சைடு பல்பாட்டமிக்கு வேண்டாம். பால் பல்லில் வேரை உள்ளிருந்தே கரைக்கும் போக்கு அதற்கு அதிகம்.

ஃபார்மோகிரெசால் போட்டார்கள். பயப்பட வேண்டுமா?

ஏற்கெனவே போட்ட பல்லை அதற்காக எடுக்க வேண்டியதில்லை. பல பத்தாண்டுகள் உலகமெங்கும் பல்பாட்டமிக்கு இதுதான் வழக்கமான மருந்து, பலனும் குறைவில்லை. அதில் உள்ள ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-இல் வகைப்படுத்தியது. பல்லில் தொடும் அளவு மிகச் சிறியது, தொடும் நேரம் சில நிமிடங்கள். ஆனாலும் எம்டிஏ அதே அளவோ மேலாகவோ பலன் தரும்போது, திசுவைப் பதம்போட்டுச் சாகடிக்கும் மருந்தைப் புதிதாகத் தேர்ந்தெடுக்கக் காரணமில்லை என்பதே எங்கள் கருத்து.

கூழ் முழுதும் கெட்டிருந்தால்?

பல்பெக்டமி, பால் பல்லுக்கான ரூட் கெனால். கால்வாய்களில் உள்ள கூழை முழுதாக எடுத்து, கழுவி, பசை மருந்தால் நிரப்புவது. பெரியவர் பல்லில் செய்வதிலிருந்து இரண்டு விஷயங்களில் வேறுபடும்.

முதலாவது, நீளம். எக்ஸ்ரேயில் தெரியும் வேர் நுனிக்கு 1 முதல் 2 மி.மீ. முன்பே நிறுத்திக்கொள்ள வேண்டும், ஏனென்றால் கரையத் தொடங்கிய வேரின் உண்மையான முடிவு படத்தில் தெரிவதைவிட மேலே இருக்கும். நுனியைத் தாண்டினால் நிரந்தரப் பல்லின் முளையில் குத்தும். 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டால் கழுவும்போது ஊசி கால்வாயில் இறுகக் கூடாது. இறுகிய ஊசியில் அழுத்தினால் திரவம் நுனிக்கு அப்பால் பீய்ச்சி, வலியும் வீக்கமும் வரும். குளோர்ஹெக்சிடினும் பயன்படுத்துவதானால் நடுவில் உப்புநீரால் கழுவ வேண்டும், இரண்டும் சேர்ந்தால் பழுப்பு வண்டல் படியும்.

இரண்டாவது, நிரப்பும் பொருள். வேர் இயற்கையாகக் கரையும்போது அதுவும் சேர்ந்து கரைய வேண்டும். அதனால் பெரியவர் பல்லில் நிரப்பும் ரப்பர் போன்ற கட்டாபெர்ச்சா கூடாது. துத்தநாக ஆக்சைடு–யூஜினால் பசை நன்றாக நிற்கும், ஆனால் வேரைவிட மெதுவாகக் கரைவதால் துணுக்குகள் தங்கிவிடலாம். அயோடோஃபார்ம்–கால்சியம் ஹைட்ராக்சைடு பசை நுனிக்கு வெளியே போனாலும் கரைந்துவிடும், ஆனால் கால்வாய்க்குள்ளிருந்தும் சீக்கிரம் கரைந்து வெற்றிடம் விடுகிறது. பல் நீண்ட காலம் இருக்க வேண்டுமென்றால் முதலாவதோ இரண்டும் கலந்த பசையோ மேல். ஒன்றரை வருடம் தாண்டிய முடிவுகளும் அப்படியே காட்டுகின்றன.

வேர் ஏற்கெனவே கரைந்திருந்து, ஆனால் பல் இன்னும் ஒரு வருடம்வரை இருந்தால் போதும் என்ற நிலையில், கால்வாயைத் துருவாமல் மூன்று ஆன்டிபயாட்டிக் கலந்த பசையை அறைத் தரையில் வைத்து மூடும் வழி உண்டு. அதில் மினோசைக்ளின் வகை வேண்டாம், டெட்ராசைக்ளின் குடும்ப மருந்து வளரும் பல்லில் கறை ஏற்றும். கிளிண்டாமைசின் சேர்த்ததைக் கேளுங்கள்.

ஸ்டீல் கேப் கட்டாயமா? வெறும் அடைப்பு போதாதா?

கடைவாய்ப் பல்லில் கேப்தான். கூரை போன பல்லின் சுவர்கள் ஓடு போல நிற்கின்றன. ஒரு கடியில் பிளக்கும். அதைவிடப் பெரிய காரணம் கசிவு. நன்றாகச் செய்த பல்பாட்டமி பிறகு தோற்பதற்கு மேலே போட்ட அடைப்பின் ஓரம் திறந்துகொண்டதே அடிக்கடி காரணம். கேப் அதே நாளில் போடப்படுவது நல்லது. “அடுத்த வாரம் வாருங்கள்” என்று தற்காலிக அடைப்போடு அனுப்பி, அந்த வாரம் மூன்று மாதமாகி, பல் உடைந்து வருவதுதான் வழக்கம்.

கேப்பின் விளிம்பு ஈறுக்கு அடியில் 1 மி.மீ. அளவில் அமர வேண்டும். இரண்டாவது கடைவாய்ப் பல்லில் பெரிய அளவு கேப்பைத் திணித்தால், ஆறு வயதில் முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப் பல் அதன் பின்விளிம்பில் மாட்டிக்கொள்ளும். நிக்கல் ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லுங்கள். வெள்ளை ஜிர்கோனியா கேப் பார்க்க அழகு, ஆனால் பல்லை அதிகம் ராவ வேண்டும்.

எத்தனை சதவீதம் வெற்றி?

அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவ அகாதெமியின் 2017 வழிகாட்டுதலுக்காகத் தொகுத்த ஆய்வுகளில், 24 மாத முடிவில், ஆழச் சொத்தையைக் கூழைத் தொடாமல் மூடியதில் சுமார் 94 சதவீதம் வெற்றி. பல்பாட்டமி எல்லா மருந்துகளையும் சேர்த்து சுமார் 83. அதில் எம்டிஏ ஏறத்தாழ 90, ஃபார்மோகிரெசால் 85.

இந்த எண்களை ஒன்றோடொன்று போட்டியிட வைக்கக் கூடாது. 94 என்பது கூழ் இன்னும் மீளக்கூடிய பற்களின் கணக்கு. இரவு முழுதும் துடித்த பல்லை அதே முறையில் மூடினால் அந்த எண் வராது. இன்னொன்று, ‘வெற்றி’ இரண்டு வகை. வலியில்லை, வீக்கமில்லை என்பது ஒன்று. எக்ஸ்ரேயிலும் நலம் என்பது இன்னொன்று. இரண்டாவது எண் எப்போதும் முதலாவதைவிடக் குறைவாக வரும், ஏனென்றால் எலும்பு கரைவது வலிக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஒரு எண்ணைச் சொன்னால், இது எந்த வகை, எத்தனை மாதக் கணக்கு என்று கேளுங்கள்.

தோற்றுப்போனதை எப்படி அறிவது?

ஈறில் கொப்புளம், கடிக்கும்போது வலி, காலத்துக்கு முன் ஆட்டம் ஆகியவை வீட்டில் தெரிபவை. எக்ஸ்ரேயில் வேர்க்கவையில் புதுக் கருமை, அல்லது வேருக்குள்ளிருந்து கால்வாய் உப்பி வேர்ச்சுவர் கரைவது தெரியும். இந்த உட்கரைதல் சிறிதாக, வேருக்குள்ளேயே அடங்கி, அறிகுறி எதுவும் இல்லையென்றால் கவனித்துக்கொண்டிருக்கலாம். சுவரைத் துளைத்து எலும்பைத் தொட்டால் பல்லை எடுக்க வேண்டியதுதான். கால்வாய் சுண்ணாம்பு படிந்து மறைந்துபோவது தோல்வி அல்ல. கூழ் உயிரோடு வேலை செய்ததன் அடையாளம்.

எப்போது பிடுங்குவதே நல்லது?

கேப் பிடிக்கவும் பல் மிச்சமில்லை. வேர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரைந்துவிட்டது. எலும்புச் சிதைவு நிரந்தர முளையின் உறையைத் தொட்டுவிட்டது. அறைத் தரை ஓட்டையாகிவிட்டது. இவற்றில் ஒன்று போதும். இதயத்தில் தொற்று வரும் ஆபத்துள்ள பிறவி இதயநோய், நோய் எதிர்ப்பு மிகக் குறைந்த நிலை உள்ள குழந்தைக்குச் செத்த கூழை வைத்துக்கொண்டு பரிசோதனை செய்யக் கூடாது. எடுத்துவிடுவதே பாதுகாப்பு, அதையும் இதய மருத்துவரோடு பேசிய பிறகு.

எடுத்த இடத்தைக் காக்க, பக்கத்துப் பல்லில் வளையமும் கம்பியும் வைத்த இடக்காப்பான் தேவையா என்று அன்றே முடிவு செய்யுங்கள். ஆறாம் வயது நிரந்தரப் பல் முளைக்கும் முன் இரண்டாவது கடைவாய்ப் பல்லை இழப்பதுதான் மிகவும் சிக்கல். சாய்வு அப்போது வேகமாக நடக்கும்.

ஊசி போட்டுச் செய்வது சின்னக் குழந்தைக்கு ஆபத்தில்லையா?

எடையைப் பார்த்துப் போட்டால் இல்லை. மரத்துப்போகும் மருந்தான லிடோகெய்னின் உச்ச அளவு கிலோவுக்கு 4.4 மி.கி. 16 கிலோவுக்கு அது 70 மி.கி.; 2 சதவீத மருந்துள்ள 1.8 மி.லி. குப்பி ஒன்றில் 36 மி.கி. இருக்கும். அதாவது இரண்டு முழுக் குப்பியே எல்லையைத் தாண்டிவிடும். அதனால் ஒரே நாளில் வாயின் நான்கு பக்கமும் செய்யச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். வீட்டிலிருந்து கிளம்பும் முன் எடை பார்த்துக்கொண்டு போங்கள்.

பிறகு இரண்டு மூன்று மணி நேரம் உதடும் கன்னமும் மரத்திருக்கும். குழந்தை அதைச் சவைத்துப் புண்ணாக்கிக்கொள்வதுதான் நாங்கள் பார்க்கும் மிகச் சாதாரணமான பின்விளைவு. மறுநாள் உதடு உப்பி வெள்ளைப் படலத்தோடு நிற்பதைப் பார்த்துச் சீழ் என்று பயப்படுவார்கள். அது கடித்த காயம், ஒரு வாரத்தில் ஆறும். மரப்பு விலகும்வரை திட உணவு வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டிருங்கள்.

கறுப்பாக்கும் வெள்ளி மருந்தைத் தடவினால் போதும் என்கிறார்களே?

38 சதவீத வெள்ளி டையமைன் ஃபுளூரைடு சொத்தையை நிறுத்தும், இடத்தைக் கறுப்பாக்கும். கூழ் நலமாக உள்ள பல்லுக்கு, ஒத்துழைக்காத சின்னக் குழந்தைக்கு நல்ல கருவி. தானாக வலிக்கும் பல்லுக்கும் சீழ் உள்ள பல்லுக்கும் அல்ல. திறந்த கூழின் மேல் படவே கூடாது.

கேப் போட்ட பிறகு எப்போதெல்லாம் காட்ட வேண்டும்?

ஆறு மாதத்துக்கு ஒரு முறை, பல் விழும்வரை. வருடத்துக்கு ஒரு எக்ஸ்ரே, வேர்க்கவை தெரியும்படி. இடையில், மாதம் ஒரு நாள் பல் தேய்த்து முடித்ததும் கன்னத்தை விரலால் விலக்கி, கேப்புக்குக் கீழே உள்ள ஈறை இரண்டு பக்கமும் பாருங்கள். மறுபக்கத்து ஈறின் நிறத்தோடு ஒப்பிடுங்கள். கேப்புக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவில் நூல் விட்டுச் சுத்தம் செய்வது உங்கள் வேலை, எட்டு வயதுவரை குழந்தையின் கை அதற்குப் பழகாது. குறைந்தது 1000 பிபிஎம் ஃபுளூரைடு உள்ள பேஸ்ட், மூன்று வயதுக்குள் அரிசிமணி அளவு, மூன்று முதல் ஆறு வரை பட்டாணி அளவு, இரவில் தேய்த்த பிறகு தண்ணீரைத் தவிர எதுவும் வேண்டாம். கேப்புக்குள் மீண்டும் சொத்தை வருவது அரிது. அதைத் தொட்டு நிற்கும் பக்கத்துப் பல்லில்தான் அடுத்தது தொடங்கும்.